பதினாறு மெகாபைட்டுக்கு அப்பால்

12 பிப்ரவரி 2014

கணினி மையத்தின் முன்னாள் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இவ்வளவு குஷியாக எழுத முடிகிறதென்றால் உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது.

மையத்தின் பொன்விழா மலருக்கு நீங்கள் எழுதிய ‘நினைவகம் வந்த நாள்’ கட்டுரையின் அச்சுப்படி என்னிடம் வந்திருக்கிறது. மலரைத் தொகுக்கிற நம் பழைய டேப் அறைத் தம்பிதான் அனுப்பினான். “அக்கா, உங்களைப் பத்தியும் ரெண்டு வரி வருது, ஒரு தடவை பாத்துடுங்க” என்று துண்டுச் சீட்டும் வைத்திருந்தான். என்னைக் கேட்க வேண்டும் என்று அவனுக்காவது தோன்றியது.

முதல் மூன்று பக்கம் பிரமாதம். லாரியிலிருந்து இறக்கிய நினைவகப் பெட்டி மெஷின் அறைக் கதவில் நுழையாமல், தச்சரை வரவழைத்து நிலையையே அறுத்தது. தரைப் பலகைகளைத் தூக்கிவிட்டு நீங்கள் கேபிளோடு கேபிளாக உள்ளே ஊர்ந்தது. மெமரி போர்டுகளைச் செருகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்து மயக்கம் வந்தது. எல்லாம் உண்மை. படித்துச் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாலாம் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. நீங்கள் எழுதியது மறந்திருக்கும், எடுத்து எழுதுகிறேன்: “புதிய நினைவகத்தில் முதல் நாள் ஓடிய தேர்வு முடிவு புரோகிராமில், அதை எழுதியவரின் கவனக்குறைவால் ஒரு சிறு குழப்பம் நேர்ந்தது. அவர் என் மனைவிதான் என்றாலும், வீட்டில் ஆபீஸைப் பேசுவதில்லை என்பது எங்கள் கொள்கை. ஆகவே எனக்கு முன்கூட்டி எதுவும் தெரிய வாய்ப்பில்லை.”

ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கு செய்முறைத் தேர்வில் பூஜ்யம் என்று சுவரில் ஒட்டினோம். அது உங்களுக்குச் சிறு குழப்பம். போகட்டும். கவனக்குறைவு என்பதும் இருக்கட்டும், அந்தப் பட்டத்தோடு வாழப் பழகிவிட்டேன். அந்தக் கொள்கை வரியை மட்டும் எடுத்துவிட வேண்டும். மலர் மார்ச் இருபதில் அச்சுக்குப் போகிறது.

ஃபோன் செய்ய வேண்டாம். வாயால் சொன்னதெல்லாம் உங்களிடம் என்ன கதி ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


19 பிப்ரவரி 2014

கருமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் முதல் கடிதம், அதுவும் விடைத்தாள் திருத்துகிற தோரணையில்.

கருமி என்று கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மையமே உன்னை அப்படித்தான் கூப்பிட்டது. யாராவது பேர் எழுத இருபது எழுத்துக்கு இடம் கேட்டால், “பதினெட்டு போதாதா?” என்று பேரம் பேசியவள் நீ. அந்தக் கருமித்தனம்தான் நம்மைக் கவிழ்த்தது. மதிப்பெண் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்கிற ஒரு முகவரிக்கு நான்கு பைட். பழைய மெஷின் கீழ் மூன்றை மட்டும்தான் படிக்கும். மேல் பைட் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் உனக்குக் கை அரிக்கும். செய்முறைத் தேர்வைத் தனியாக எழுதிய மாணவனுக்கு அடையாளமாக அங்கே ஒரு ‘1’ போட்டு வைத்தாய். பெரிய நினைவகத்துக்காக நான் கொண்டுவந்த புது முறையில் மெஷின் மேல் பைட்டையும் சேர்த்து முகவரியாகப் படித்தது. அது மெஷினின் குற்றமா? என் குற்றமா?

எதை மாற்றுவதானாலும், எதை நிறுத்துவதானாலும் பச்சைப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். மையத்தின் சட்டம். நீ கொடுத்தாயா? கோப்பைத் திறந்து பார், படிவம் கிடையாது. இல்லாததை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

எழுத்து எழுத்து என்கிறாயே, நீ மட்டும் என்ன வாழ்ந்தது? அந்த ரிசல்ட் விசாரணை முடிந்து நாலாவது மாசம், நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் அலமாரி காலி. குழந்தையின் செருப்புகூட இல்லை. ஒரு வரி எழுதி வைத்தாயா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் முன்னால் நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும்.

வரியை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மகளின் அப்பா

பின்குறிப்பு: மயக்கம் வந்தது உண்மைதான், ஆனால் மூச்சைப் பிடித்ததால் அல்ல. காலையில் சாப்பிடவில்லை.


25 பிப்ரவரி 2014

பொறியாளருக்கு,

பாதியை அழகாக விளக்கியிருக்கிறீர்கள். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

மெஷினில் இருந்தது எட்டு மெகாபைட். நீங்கள் கொண்டுவந்தது பதினாறு. மொத்தம் இருபத்து நாலு. மேல் பைட்டில் நான் போட்ட ‘1’ முகவரியோடு சேர்ந்தால் மிகச் சரியாகப் பதினாறு மெகாபைட் கூடும். நீங்கள் நாலு மெகாபைட்டோடு நிறுத்தியிருந்தால், என் புரோகிராம் இல்லாத இடத்துக்குப் போய் அங்கேயே முட்டி நின்றிருக்கும். எல்லாரும் என்னைத் திட்டியிருப்பார்கள், நான் திருத்தியிருப்பேன், ஒரு பிள்ளைக்கும் கேடில்லை. ஆனால் இடம் இருந்தது. உங்கள் புத்தம்புதுப் போர்டில், காலியாக. மெஷின் அங்கே போய்ப் பார்த்தது, ஒன்றும் இல்லை, பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு வந்தது. ஓர் எச்சரிக்கை மணிகூட அடிக்கவில்லை.

மேல் பைட் என் தப்பு. நான் அந்தப் புரோகிராமை எழுதியபோது மெஷினின் மொத்த நினைவகமே அரை மெகாபைட். அதில் கஞ்சத்தனம் பார்க்காமல் எதில் பார்ப்பது? இருந்தாலும் என் தப்புதான், என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் புது முறை வேண்டுமா பழைய முறை வேண்டுமா என்பது, மெஷினைக் கிளப்பும்போது போடுகிற ஒரே ஒரு வரி. அந்த வரியைப் போட்டது யார்?

படிவம் பற்றிக் கேட்டீர்கள். ஞாபகப்படுத்துகிறேன். ரிசல்ட் ஓடியதற்கு ஒன்பது நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலை. நீங்கள் கண்ணாடி முன்னால் முகம் முழுக்க சோப்பு நுரையோடு நின்றீர்கள். நான் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

“என் புரோகிராம்ல மேல் பைட்டுல ஃபிளாக் வச்சிருக்கேன். மூணு வாரம் குடுங்க, எடுத்துடறேன். அதுவரைக்கும் ரிசல்ட்டைப் பழைய முறையிலயே ஓட விடுங்க.”

“சரிம்மா, நான் பாத்துக்கறேன்.”

“ஃபாரம் எழுதிக் குடுத்துடட்டுமா?”

“கட்டின புருஷனுக்கே ஃபாரமா? ஆபீஸ்ல சிரிப்பாங்க.”

இதைச் சொன்னவர் நீங்கள். புருஷன் சொன்னாரே என்று படிவம் எழுதாமல் விட்ட முட்டாள் நான்.

விசாரணை அறிக்கை எனக்கு ஒரு பிரதி வந்தது. பதினாலாவது கேள்வி, உங்கள் மனைவி முன்பே எச்சரித்தாரா? பதில், “வீட்டில் நாங்கள் ஆபீஸ் விஷயம் பேசுவதில்லை.”

வாய் கூசாமல் சொன்னீர்கள். நாம் வேறு எதைப் பேசினோம்? பிரசவ வார்டில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் டிஸ்க் படம் போட்டு எனக்கு விளக்கியவர் நீங்கள். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் எட்டு, ஒன்பது, ஏ, பி என்று எண்ணினாள் என்று அவள் டீச்சர் நம் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மெஷினின் எண்கணக்கைக் குழந்தை வேறு எங்கே கற்றிருப்பாள்? வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என்னை ஸ்டேஷனரி ஸ்டோருக்கு மாற்றினார்கள். பென்சில் எண்ணினேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் பதினொரு வருஷம் நாம் பேசிய பேச்சையெல்லாம் ஒரே வரியில் இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். எனக்குக் குடும்பம் என்று இருந்ததே அந்தப் பேச்சுதான். அதை இல்லை என்று சொன்னவரோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது? இப்போது அதைப் பெருமையாக அச்சிலும் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

சொல்லாமல் வந்தது பற்றிக் கேட்டீர்கள். சொன்னால், சொல்லவே இல்லை என்பீர்கள்.

இப்படிக்கு,
மகளின் அம்மா


1 மார்ச் 2014

உன் கடிதம் கிடைத்தது. முதுகு வலி. பதில் எழுத முடியவில்லை.

மகளின் அப்பா


5 மார்ச் 2014

எழுதுவது கையால். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

மகளின் அம்மா


9 மார்ச் 2014

உனக்கு,

எழுதிக் கிழித்தது மூன்று கடிதம். இது நாலாவது. சந்தோஷப்படு.

நீ சொன்னாய். நான் கேட்டேன். மறக்கவும் இல்லை. ரிசல்ட் ஓட்டிய அன்றைக்குக் காலையில் பழைய முறை வரியைத்தான் முதலில் போட்டிருந்தேன். பதினோரு மணிக்கு இயக்குநர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மெஷின் அறைக்குள் வந்தார். “எல்லாம் புதுசுலயே ஓடட்டும், பழசு எதுக்கு?” என்றார். என் மனைவி மூன்று வாரம் கேட்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதுதானே என்பாய். அதுதான் முடியவில்லை. ‘அவர் போர்டு மாட்டுவார், மூளை வீட்டம்மாவுடையது’ என்று கேன்டீனில் பேசுவது உனக்குத் தெரியாது. என் காதில் விழும்படியே பேசுவார்கள். அத்தனை பேர் முன்னால் உன் பேரைச் சொல்லி மறுக்க எனக்கு வாய் வரவில்லை. வரியை மாற்றி மெஷினை மறுபடி கிளப்பினேன். ஏதாவது ஆனால் உன்னைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவாய் என்று நினைத்தேன். அது நிற்காமல் தப்பாக ஓடும் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கும்.

விசாரணையில் அந்தப் பதில் தானாக வந்து விழுந்தது. டைப்பிஸ்ட் அதைத் தட்டி முடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி, நம் வீட்டில் அப்படித்தான் இருந்தோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகள் ஏ, பி என்று எண்ணியதை நீ எழுதிய பிறகு அந்தச் சந்தேகமும் போய்விட்டது. உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் முகத்துக்கு நேராக நின்று ‘பொய்யன்’ என்று கத்தியிருந்தால் இயக்குநரிடம் போயிருப்பேனோ என்னவோ. நீ வாயை மூடிக்கொண்டு பென்சில் எண்ணப் போனாய்.

தம்பிக்குப் புதுப் பத்தி அனுப்பிவிட்டேன். பிரதி இது: “அந்தப் புரோகிராமைப் புது முறையில் ஓட்டக் கூடாது என்று அதை எழுதிய என் மனைவி ஒன்பது நாள் முன்பே என்னிடம் சொன்னார். எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தெரிந்தே ஓட்டினேன். விசாரணையில் பொய் சொன்னேன். தண்டனையை அவர் அனுபவித்தார்.”

போதுமா?

ஏப்ரல் முதல் வாரம் உன் வீட்டுக்கு வரட்டுமா? மகளைக் கேட்டேன். “அதை அம்மாகிட்டயே கேளுங்கப்பா” என்று வைத்துவிட்டாள். காபிகூட வேண்டாம். வாசலில் நிற்க வைத்து அன்றைக்குத் திட்டாததைத் திட்டு. கேட்டுக்கொண்டு போய்விடுகிறேன்.

மகளின் அப்பா


2 ஏப்ரல் 2014

வணக்கம்.

மலர் வந்தது. உங்கள் பத்தி ஒரு சொல் மாறாமல் வந்திருக்கிறது. தம்பி ஃபோனில் அழுதான். பழைய ஆபரேட்டர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, பாவம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் காலையில் அடுப்பில் பாலை வைத்தால் உங்களோடு சண்டை ஆரம்பிக்கும். மனசுக்குள்தான். நீங்கள் படிவம் என்பீர்கள், நான் செவ்வாய்க்கிழமை என்பேன். உங்கள் பதிலையும் நானே சொல்லி, நானே ஜெயித்து, பால் பொங்குவதற்குள் முடித்துவிடுவேன். சில நாள் சத்தமாகவே பேசியிருக்கிறேன். மகள் சின்னவளாக இருந்தபோது யாரோடு பேசுகிறாய் என்று கேட்பாள்.

மலர் வந்த மறுநாள் காலை பாலை வைத்தேன். நீங்கள் வரவில்லை. பால் பொங்கியது, அணைத்தேன், குடித்தேன். உங்களைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை. பயந்துபோய்விட்டேன். பத்தியை எடுத்து மறுபடி படித்தேன், கோபத்தை வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒரு வாரமாக இப்படித்தான் இருக்கிறது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் என்னிடம் கணக்குப் படிக்க வருகிற வரைக்கும் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது.

கேட்டதைக் கொடுத்துவிட்டீர்கள். நன்றி. இது பழி வாங்கச் சொல்வதல்ல, நம்புங்கள்: வர வேண்டாம். முதுகுக்கு வைத்தியம் பாருங்கள். மகளுக்கு அடிக்கடி ஃபோன் செய்யுங்கள், அவளுக்கு ஆசைதான், கேட்க மாட்டாள்.

போன மாசம் வந்திருந்தால், திட்டுவதற்காவது கதவைத் திறந்திருப்பேன்.

இப்படிக்கு,
இந்தத் தெருவின் கணக்கு டீச்சர்