கண்ணுக்குத் தெரியாத வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆனி ரோஸ் வணக்கத்தோட எழுதுறேன். உங்க இருமல் தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுறாங்களா? புனேயில நான் நல்லாதான் இருக்கேன்.

ஆபீஸ்ல ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீங்க. நாங்க எழுதுற புரோகிராம்ல யாராவது கண்ணுக்குத் தெரியாம எதையாவது மாத்தியிருந்தா கண்டுபிடிக்கிற ஒரு கருவியை நான் செஞ்சேன். முதல் நாளே ஒரு வரியைக் காட்டுச்சு. எழுதினது என் ரூம்ல கூட இருந்த குரும்பலூர் வெற்றிச்செல்வி. தான் செஞ்ச தப்பு தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்து, அதை மறைக்க எழுதியிருக்கா. நான் நேரா மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டுறப்ப, "முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல ஆனி?"ன்னா.

எங்க ரெண்டு பேருக்கும்னு நீங்க அனுப்புற முந்திரியை இனிமே பாதி அனுப்பினா போதும்ப்பா. ரெண்டு பேருக்குச் சமைச்ச கை, அளவு தெரியாம தினமும் சோறு மீந்துபோகுது.

பெரம்பலூர் போறப்ப, அப்படியே குரும்பலூர் போய் அவளைப் பாத்துட்டு வாங்க. என் மேல கோவமான்னு கேக்க வேணாம். ஒழுங்கா சாப்பிடுறாளான்னு மட்டும் பாத்து எழுதுங்க.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்குது, கிளம்புறேன்.

உங்க மக
ஆனி ரோஸ்