தலை தாழ்ந்த கட்டில்

மார்ச் 4

இன்று என் கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்திவிட்டார்கள். கால் மேலே, தலை கீழே. இனி இரண்டு மாதம் சாப்பாடு, குளியல், காலைக்கடன் எல்லாம் படுத்தபடிதான். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களின் எலும்புக்கும் தசைக்கும் என்ன ஆகிறதோ, ஏறக்குறைய அதுவே இப்படிப் படுத்தாலும் ஆகுமாம். அதைப் பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. ராக்கெட் ஏறாத விண்வெளி வீராங்கனை நான்!

போனில் இதைச் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நடக்க முடியாம நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கேன். நல்லா இருக்கிற காலை வச்சுக்கிட்டு நீ போய்ப் படுத்துக்கறியா? யாரைக் கேலி பண்றே?"

கேலியா? அவளை நினைத்துத்தான் பேர் கொடுத்தேன். சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 7

முகம் பூசணிக்காய். மூக்கடைப்பு. காலில் இருக்க வேண்டிய நீரெல்லாம் தலைக்கு ஏறிவிட்டது. முதுகுவலி உயிரை எடுக்கிறது.

மார்ச் 15

சிலருக்குப் படுத்தபடியே பலகையைக் காலால் உதைக்கும் பயிற்சி உண்டு. குலுக்கலில் எனக்கு விழுந்தது வெறும் படுக்கை. நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இது தண்டனை.

"என் எலும்பு கரையுமா டாக்டர்?" முன்பே சொன்னதுதான், ஆனாலும் கேட்டேன்.

"கொஞ்சம் கரையும்மா. உடம்பு எலும்பை இடிச்சு இடிச்சுக் கட்டிக்கிட்டே இருக்கும். எடை தாங்குற வேலை இல்லேன்னா கட்டுறது குறையும், இடிக்கிறது நிக்காது. மறுபடி வேலை குடுத்தா திரும்பி வரும். என்ன, மெதுவா வரும்."

அக்கா ஓடும் பஸ்ஸில் நாள் முழுக்க நின்று டிக்கெட் கொடுத்தவள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. கூடியும் விட்டது. நடக்கலாம் என்று அவளுடைய டாக்டர் சொல்லி எத்தனையோ மாதம் ஆகிறது. நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 29

டாக்டர் சொன்னதைப் போனில் அக்காவிடம் சொன்னேன். "என்னை யாரும் திருத்த வேணாம்." வைத்துவிட்டாள்.

போக்கா, போ! உனக்காகத்தானே இங்க தலைகீழாக் கிடக்கேன்?

படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் நேரே காதுக்குள் போகிறது. அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 11

வலி இல்லை. பழகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 3

எழுந்தேன்! இரண்டு நர்ஸ்கள் தாங்கியும் கண் இருட்டியது, வியர்த்துக் கொட்டியது. கால்கள் வேறு யாருடையவோ. உள்ளங்காலில் ஊசி ஊசியாய்க் குத்தல். விழுந்தால் உடைந்துவிடுவேன் என்று நடுங்கினேன் — அக்காவுக்குத் தினமும் இப்படித்தானா?

மே 4

வீடியோவில் அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் தள்ளாடுவதைப் பார்த்தாள்.

"பயமா இருக்காடி?"

"ரொம்பக்கா."

"காலை அகட்டி வை. முட்டியை லேசா மடக்கு. விறைச்சுக்கிட்டு நின்னாத்தான் விழுவே. பஸ் ஆடுனா ஆடட்டும், நீயும் கூட ஆடு."

முயன்றேன். வரவில்லை.

"அப்படி இல்லடி... இரு, காட்டறேன்."

போனை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். நாற்காலியின் கை தெரிந்தது, அதை இறுக்கிய விரல்கள் தெரிந்தன. பிறகு வெறும் நாற்காலி.

"தெரியுதா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மே 20

அக்கா வீட்டுக் கூடத்தில் இருவரும் நடக்கிறோம். அவளுக்குக் கைத்தடி, எனக்குச் சுவர். யார் மெதுவாக நடப்பது என்பதில் கடும் போட்டி.

ஆகஸ்ட் 2

இருவருக்கும் எடுத்த எலும்பு ஸ்கேனின் முடிவு வந்தது. என் எலும்பு முழுதாகத் திரும்பவில்லை, ஏறத் தொடங்கியிருக்கிறது. அக்காவின் எலும்பு மேற்கொண்டு கரையவில்லை. "அது போதும் இப்போதைக்கு," என்றாள்.

அக்டோபர் 9

அக்கா வீடு பூட்டியிருந்தது. பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"செருப்புக் கடையில இருக்கேன். பழசு தேஞ்சுபோச்சு. ஏன் கத்தறே? வந்துடுவேன், உட்காரு."

படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.