நல்ல எண்ணெய்

ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். குட்டியின் கன்னமும் முழங்கை மடிப்பும் வறண்டு வெடிக்கிறது, சொறிந்துகொண்டே இருக்கிறான் என்று பெரியம்மா சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. களிம்பு காய்ச்சி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, ஒரு பங்கு தேன்மெழுகை நாலு பங்கு சூரியகாந்தி எண்ணெயில் உருக்கி, ஆறும் முன் டப்பாவில் ஊற்றினேன். வாசனை எதுவும் சேர்க்கவில்லை. குளிப்பாட்டி, ஈரம் காயும் முன் தடவு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? கோபத்தை என்மேல் வைத்துக்கொள், களிம்பின்மேல் காட்டாதே.

உன் அக்கா

ஜனவரி 27

அக்காவுக்கு,

களிம்பு வந்தது. தடவினேன். தோல் மெத்தென்று ஆகிவிட்டது. நன்றி. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

பிப்ரவரி 5

சின்னவளே,

முதலில் அந்தக் களிம்பைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவு. பிறகு படி.

"நல்ல எண்ணெயாப் பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று உன் அத்தானிடம் சொல்லியிருந்தேன். மனுஷன் நல்லெண்ணெய் வாங்கி வந்து சூரியகாந்தி பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டார். எனக்கோ அன்று சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது. இன்று மிச்சக் களிம்பைத் திறந்தால் எள் வாசனை. உடனே அவரைக் கேட்டேன், ஒப்புக்கொண்டார். நீங்கள் இங்கே வந்திருந்தபோது எள் பட்டு அவன் உதடு வீங்கி மூச்சு இழுத்ததை நானும்தானே பார்த்தேன்.

தடவினேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்தக் கன்னத்தைத் தொட்ட கையை வாயில் வைத்தால்? பெரியம்மா போன் அடித்தாலும் எடுக்க ஆளில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களோ என்னவோ. ஓடி வரலாம் என்றால் நடுவில் கடல் கிடக்கிறது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். என்னைத் திட்டு, என் முகத்தில் முழிக்காதே, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று மட்டும் ஒரு வரி எழுது. பயமாக இருக்கிறதடி.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

குட்டி நன்றாக இருக்கிறான்.

தடவினேன் என்றது பொய். நான் டப்பாவைத் திறக்கவே இல்லை. நீ சொல்லித்தான் பெரியம்மா போன் அடிக்கிறாள் என்று அதையும் எடுக்கவில்லை. எள் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "எள்ளு ஒத்துக்காதாம். நாமெல்லாம் எண்ணெயிலேயே ஊறி வளர்ந்தவங்கடி." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாய். அன்றிலிருந்து உன் கை பட்ட எதையும் அவன் பக்கத்தில் விட எனக்குப் பயம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, டப்பாவைக் குப்பையில் போட எடுத்தேன். மூடி சரியாக மூடவில்லை. உள்ளே விரலால் வழித்த தடம். எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையின் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தேடினேன். அப்புறம்தான் இவர் மெதுவாக வந்து, தன் குதிகால் வெடிப்புக்குத் தடவியதாகச் சொன்னார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "எனக்குத் தெரியாதா" என்று நீ எழுதாத முதல் கடிதம் இதுதான். பயமே இல்லாத அக்காவிடம்தான் எனக்குப் பயம்.

லீவு போட்டுவிட்டு வா. களிம்பை என் அடுப்பில், என் கண்ணெதிரே காய்ச்சு. எண்ணெய் நான் வாங்கி வைக்கிறேன், அத்தானைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். வந்ததும் பிள்ளையை உன் மடியில் தருகிறேன்.

சின்னவள்