கொக்கு வலை தூக்கியபோது கை தட்டியவர்கள்

மார்ச் 6, 1984. செவ்வாய்

வெயில் ஏறுமுன் பழவேற்காடு வந்து சேர்ந்தேன். பொன்னேரியில் பஸ் மாறியபோது குடையை விட்டுவிட்டேன். வாடைக்காற்று ஓய்ந்து நாலைந்து நாளாகிறதாம். ஏரியில் அலையே இல்லை.

வேலை: நம் ஞாயிறு மலரில் எட்டு வருஷம் தொடர்ந்து வந்த படக்கதை ‘இரும்புக் கொக்கு’. இப்போது சினிமாவாகிவிட்டது. பட்டணத்தில் பார்த்தவர்களின் கருத்து போன வாரமே அச்சேறியது. அவர்களுக்கு முகமூடியின் நிறம்தான் கவலை. புத்தகத்தில் சாம்பல், படத்தில் நீலம். ஊர்ப்புறத்து ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அரைப் பக்கம் வேண்டும், திங்களுக்குள். செய்தி ஆசிரியர் சொன்னார்: “உங்களுக்குத்தான் சார் வீட்டுக்குத் திரும்புற அவசரம் கிடையாது.” இளம் வயது. தப்பாக நினைத்துச் சொல்லவில்லை.

தங்கல்: டென்ட் கொட்டகை நடத்தும் மொய்தீன் பாயின் அரிசிக்கடை மாடி. கட்டில், மண்பானை, ஒரு ஜன்னல்.

தபாலாபீசைக் கண்டதும் ஒரு கார்டு வாங்கினேன். வெளியூர் போனால் அன்றே ‘சுகமாக வந்து சேர்ந்தேன்’ என்று சரோஜாவுக்கு எழுதிப் போடுவது வழக்கம். வாங்கிக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் அவள் போய் ஒன்றரை வருஷமாகிறது என்று உறைத்தது. கார்டு நோட்டுக்குள் இருக்கிறது.

மார்ச் 7, புதன்

காலை. நேற்றைய ஆட்டத்தைப் பற்றி, மறப்பதற்குள்.

ஆறரை மணிக்கு ஆரம்பம். தரை முழுக்க மணல். நடுவே இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் பெண்கள். ஆண்கள் பக்கம் முட்டியோடு முட்டி இடிக்கும் கூட்டம். அதற்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மணல், அதில் ஒரே ஆள். முப்பது வயதிருக்கும். திரைக்கு நேர் எதிரான இடம். எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் துண்டை விரித்து, “இதுல குந்துங்க சார், மணலு ஒட்டும்” என்றார்.

குறித்தவை:

கொக்கு முதலில் பறந்தபோது: வியப்பில்லை. “இரும்புல றெக்கை செஞ்சா உப்புக்காத்துல துரு புடிக்காதாடா?” “எண்ணெய் போடுவான்டா. கம்முனு பாரு.”

கொக்கு எதிரியைக் கயிற்றால் கட்டியபோது: பெருஞ்சிரிப்பு. “அந்த முடிச்சுல நண்டு கூட நிக்காது.”

காதலி அழுதபோது: ஆண்கள் பீடி பற்ற வைத்தார்கள்.

வில்லனின் விசைப்படகு: விசில்.

7.40. பட்டினிக் கிராமம். ‘இந்த ஏரியில் இன்று யாரும் இறங்கக் கூடாது’ என்று வில்லனின் தண்டோரா. கொக்கு இறங்குகிறான், வலையை ஒரே கையால் தூக்குகிறான், வீட்டுக்கு வீடு வாசலில் மீன் வைத்துவிட்டுப் போகிறான். கை தட்டல், அரை நிமிஷத்துக்கு மேல். முதலில் தட்டியது பெண்கள் பக்கம், எழுந்து பார்த்தேன். தூண் ஓரம், தலையில் முக்காடு போட்ட அம்மா.

கொட்டகையில் தட்டாதவர் என் பக்கத்து ஆள் ஒருவர்தான். ஏன் என்று கேட்டேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் அவரிடம் முறுக்குக்காரர் வரவில்லை. சுற்றி வளைத்துக்கொண்டு போனார்.

மத்தியானம். பாயிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். “அல்லா! தேசப்பன்கிட்டயா போய் உக்காந்தீங்க? அவன் ஊர்விலக்கு சார். அவன் குப்பத்துல யாரும் பேச மாட்டாங்க, நெருப்பு கூடக் குடுக்க மாட்டாங்க. அந்த எடம் அவனுக்குன்னு ஜனங்க விட்டுவச்ச எடம்.”

“நீங்கள் டிக்கெட் கொடுத்தீர்களே?”

“நான் அவங்க குப்பம் இல்லியே சார்.”

பாய் சொன்ன விவரம்: ஏரியில் இறால் படும் நல்ல இடங்கள் சில. அங்கே நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். இன்று இன்னார், நாளை இன்னார். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஐந்து மாசம் முன்னால், ஐப்பசி மழையில், தேசப்பன் அடுத்தவர் பாட்டில் வலை போட்டுவிட்டார். அதுவும் அந்த வீட்டில் பிணம் கிடந்த நாளில். வெள்ளிக்கிழமை இந்த வருஷச் சீட்டு. அதில் பெயர் விழாவிட்டால் இன்னொரு வருஷம் அவருக்கு ஏரியில்லை.

சாயங்காலம் சுகாதார நிலைய நர்ஸ் கிரேஸைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் படக்கதையை முழுக்கப் படித்த ஒரே ஆள். மலரிலிருந்து வெட்டித் தைத்து வைத்திருக்கிறார், நாலு கட்டு. அவர் கருத்து: “புத்தகத்துல கொக்குக்கு ஃப்ரெண்டே கிடையாது சார். ராத்திரி டூட்டி முடிச்சிட்டுப் படிச்சா நமக்குன்னு எழுதுன மாதிரி இருக்கும். படத்துல காதலி, தங்கச்சி, காமெடியன் எல்லாம் குடுத்துட்டாங்க. இனிமே அவன் எனக்கு எதுக்கு?” அப்படியே எழுதிக்கொண்டேன். இத்தனை நாள் கேட்டவற்றில் நல்ல விமர்சனம் இது.

ரசம் சாதம். ஓட்டலில் எதிர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மேஜையில் போட்டார்கள்.

மார்ச் 8, வியாழன்

விடிந்ததும் கரைக்குப் போனேன். தேசப்பன் கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து, கிழியாத வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாசம் நனையாத வலை. என்னைக் கண்டதும் பேச ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. மகளுக்கு வந்த காய்ச்சல், கூரைக்கு மாற்ற வேண்டிய ஓலை, மீஞ்சூரில் செங்கல் சூளையில் எட்டு நாள் வேலை பார்த்தது எல்லாம். பேச ஆள் கிடைக்காதவர் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குறுக்கிடவில்லை.

பிறகு அந்த நாளைப் பற்றி:

“பஞ்சம்லாம் இல்ல சார். பொய் சொல்ல மாட்டேன். மழை வுட்டு வெள்ளம் கலங்கி எறங்குது. எறாலு ஓடுது. தண்ணியே துடிக்குது. பாடு பாக்கியத்தக்கா வூட்டுது. அவங்க புருசன் காலைல செத்துட்டாரு, எல்லாரும் பொணத்தாண்ட கீறாங்க. நானும் மாலை போட்டுட்டுத்தான் வந்தேன். எறாலு ஓடுறதைப் பாத்துனு எப்டி சார் நிக்கிறது? கை நிக்கல.”

“பிறகு?”

“பாதியை அவங்க வூட்டு வாசல்ல வச்சேன். அவங்க பாடாச்சே, அவங்களுக்குப் பங்கு சேரணுமேன்னு. அது இன்னும் தப்பாப் பூட்ச்சு. பொணம் கெடக்குற வூட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க, எனக்கு அது தோணவே இல்ல. வாசல்ல எறாலைப் பாத்துட்டு அக்கா வுழுந்து அழுதுச்சு.”

வலையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: “முந்தாநேத்து அத்தினி பேரும் கை தட்னாங்க. கொக்கு இன்னா பண்ணான்? எறங்கக் கூடாதுன்ன நாள்ல எறங்கினான், வாசல்ல வச்சான். நீங்க எய்திக்கினு இருந்தீங்க. நாளைக்குச் சீட்டு குலுக்குற எடத்துக்கு வந்து அதைச் சொல்லுங்க சார். எனக்காகப் பேச வேணாம். பாத்ததைச் சொன்னாப் போதும்.”

முப்பத்திரண்டு வருஷப் பத்திரிகை வேலையில் இவ்வளவு எளிய கோரிக்கை வந்ததில்லை. சரி என்றேன்.

மழைக்கால ஈரம் இன்னும் மாடிச் சுவரில் இருக்கிறது. இருமல். வெந்நீருக்குப் பாயைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

கங்கையம்மன் கோயில் முன் வலை உலர்த்தும் மைதானம். காலை எட்டு. ஆண்கள் வட்டமாக, பெண்கள் பின்னால். தேசப்பன் வட்டத்துக்குள் வரக் கூடாது. படகுக்கு அந்தப்புறம் நின்றார். தலைவர் கன்னியப்பன் எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

“சார், நீங்க விருந்தாளி. உங்களை ஒண்ணும் சொல்லல. இவன் வெளியாளை வச்சி சொல்லி அனுப்புறான், நாங்க கொட்டாயில கை தட்னோமாம். தட்னோமா?”

பின்னாலிருந்து ஒருவர்: “தட்னா இன்னா தலைவரே? அது கொக்கு. இவன் காக்கா.” சிரிப்பு.

“கம்முனு இர்றா. சார் சொல்லட்டும்.”

நோட்டைப் பிரித்தேன். நான் எழுதியதைச் சுருக்கியோ கூட்டியோ வாசிக்கிற வழக்கமில்லை. 7.40 என்று ஆரம்பித்தேன். தண்டோரா, வலை, வாசலில் மீன், அரை நிமிஷத்துக்கு மேல் கை தட்டல். ஆண்கள் மணலைப் பார்த்தார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். கண் அடுத்த வரிக்குப் போனது, வாயும் போனது: “முதலில் தட்டியது பெண்கள் பக்கம், எழுந்து பார்த்தேன். தூண் ஓரம், தலையில் முக்காடு போட்ட அம்மா.”

குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. அந்த முக்காடு யாருடையது என்று அங்கே தெரியாதவன் நான் ஒருவன்தான் என்பது அப்போது புரிந்தது. வட்டத்தில் ஒருவர் எழுந்து பின்னால் திரும்பினார். செத்தவரின் தம்பி என்று பிறகு சொன்னார்கள்.

அவர் கேட்குமுன் அந்த அம்மாவே முன்னால் வந்தார். பாக்கியம். முப்பத்தைந்து வயதுகூட இராது.

“நாந்தான். தூணாண்ட நாந்தான் குந்தினு இருந்தேன். வலை மேல வந்ததும் கை தானாப் போச்சு. அஞ்சு மாசமா இந்தக் கை ஒண்ணுத்துக்கும் போவல.”

கொழுந்தனார்: “வருசம் திரும்பல, நீ கொட்டாய்க்குப் போனியா?”

பாக்கியம் தலைவரைப் பார்த்துச் சொன்னார்: “தேசப்பன் பேரைச் சீட்டுல போடுங்க. எனக்குக் கோவம் போவல. போவும்னும் சொல்லல. ஆனா அங்க தட்டிட்டு இங்க வந்து தள்ளிவைன்னு நான் எப்டி சொல்றது? எங்க வூட்டுப் பாடு அன்னிக்கு மட்டும் அவன் தண்ணியில கால் வைக்கக் கூடாது.”

தலைவர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. பனையோலை நறுக்குகளைச் சட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். தேசப்பன் பெயர் எட்டாவதாக வந்தது. யாரோ அவரிடம் போய் ஒரு பீடி நீட்டினார். வாங்கிக்கொண்டு பற்றவைக்காமல் நின்றார்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தபோது என்னை யாரும் பார்க்கவில்லை. பாக்கியம் மட்டும் பார்த்தார், ஒரு நொடி. கோபம் என்று எழுத முடியாது. கொட்டகை இருட்டில் யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்ட அரை நிமிஷம் அவருடையது. அதை நான் பட்டப்பகலில் வாசித்தேன்.

அந்த வரியை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் தேசப்பன் பெயர் விழுந்திருக்குமா? தெரியாது. இதை யாரிடமாவது கேட்க வேண்டும். எதையும் அனுப்புமுன் சரோஜாவிடம் வாசித்துக்காட்டுவேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். “இது எதுக்கு, அந்தப் பொண்ணு பாவம்” என்று ஒரு வரியை எடுக்கச் சொல்வாள். எடுத்துவிடுவேன்.

அரைப் பக்கத்துக்கு வேண்டியது கையில் இருக்கிறது. எழுதவில்லை.

மார்ச் 10, சனி

காலையில் தென்காற்று. பூநாரைகள் தூரத்தில் ஒரு கோடாக. இருமல் குறையவில்லை.

கரையில் தேசப்பன் மூன்று பேரோடு வலைக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை நெஞ்சருகில் வைத்தார். அவ்வளவுதான். பிறகு அவர்கள் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நான் நிற்கவில்லை.

பாய் சொன்னது: “அந்தப் பொண்ணை வருஷம் திரும்புற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதுன்னுட்டாங்களாம் சார்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க இன்னா பண்ணுவீங்க, எழுதுனதைத்தானே படிச்சீங்க” என்றார். வெந்நீர் தானே கொண்டுவந்து வைத்திருந்தார்.

இன்று கடைசி ஆட்டம். நாளைக் காலை படப்பெட்டி ஆரம்பாக்கம் போகிறது, நான் பட்டணம்.

ஆறரைக்குப் போனேன். கூட்டம் அதே கூட்டம். முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். தேசப்பன் முன்னால், இரண்டு பேருக்கு நடுவில், ஒருவர் தோளில் கை போட்டுக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். என்னைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மணல்.

கொக்கு பறந்தான். முடிச்சுப் போட்டான். யாரும் கேலி பண்ணவில்லை. என் பக்கத்து வரிசையில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் நோட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

7.40. வலை மேலே வந்தது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டேன். அப்போதும் யாரும் தட்டவில்லை. எழுந்து சுவருக்கு மேலாகப் பார்த்தேன். தூண் ஓரம் வெறும் மணல்.