கை அளவுக்கு ஒரு நூல்

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.
9.6.2024

என் மருமக ராஜேஸ்வரிக்கு,

உன் மாமியா அத்தாயி எழுதறது. மூணாங்கிளாசு வரைக்கும் படிச்ச கை, எழுத்து கோணலாத்தான் வரும். நாமக்கல்ல ஒக்காந்துக்கிட்டுச் சிரிக்காத. இங்க எல்லாரும் சௌக்கியம். உங்க மாமனுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. மிளகுக் கொடியப் பாக்க ஏணி மேல ஏறினாரு. எறங்கறப்போ ஏணி முன்னாடி எறங்கிருச்சு, இவரு பின்னாடி வந்தாரு.

போன்ல பேசலாமே அத்தைன்னு கேப்ப. டவர் வேணும்னா நான் பாறை மேல ஏறணும். ஏறி மூச்சு வாங்கி அலோங்கறதுக்குள்ள உன் புருசன் வேலு, "சாப்ட்டியாம்மா, வெக்கிறேன்"ங்கறான். லாரிக்கு பாடி கட்டறவனுக்குப் பெத்தவகிட்டப் பேச நேரமேது. அதான் பஸ்ஸு கண்டக்டர் அண்ணாமலைகிட்டக் குடுத்து விடறேன். உங்க பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வெச்சிருவான். ஒட்டித்தான் விடறேன். வேலு பிரிச்சிருந்தா எங்கிட்டச் சொல்லு.

சித்திரையில வந்தப்போ உன் கன்னம் ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. வயித்துல நாலு மாசம் ஆகியும் இந்தப் புள்ளைக்கு வெக்கம் போகலையேன்னு ஊரே சிரிச்சுது. நான்தான் சிரிக்க வெச்சேன்னு வெச்சுக்க.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஆடி பொறந்தா வளைகாப்பு வெக்க முடியாது. அதனால ஆனி கடைசி ஞாயித்துக்கெழமை, ஜூலை 14, குறிச்சாச்சு. செம்மேட்டுச் சந்தையில கண்ணாடி வளையல் வாங்கணும். அளவு தெரியாம வாங்கினா கையில ஏறாது. அஞ்சு வெரலையும் குவிச்சு, மொளி மேல ஒரு நூலச் சுத்தி, அந்த அளவுக்கு வெட்டி அனுப்பு கண்ணு.

பேரனா பேத்தியான்னு நான் கேக்கவே மாட்டேன். ரெண்டும் வந்தாலும் எடம் இருக்குது.

உன்ன வம்பிழுக்காம சோறு எறங்காத
அத்தாயி

*

நாமக்கல்
14.6.2024

அன்புள்ள அத்தைக்கு ராஜேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் ஒட்டினபடியே வந்ததுங்க. இவர் பிரிக்கவில்லை. மாமாவின் இடுப்புக்குத் தைலம் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நூல் இதில் இருக்கிறது. உங்கள் வளையல் எனக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூட்டு வலிக்குப் பார்க்கிற சேலத்து டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேனா என்று மாமா கேட்டதாக இவர் சொன்னார். எல்லாம் சரியாக இருக்குதுங்க. மூட்டு வலியும் இல்லை. கன்னம் சிவந்தது வெட்கம்தான் அத்தை, வேறு ஒன்றும் இல்லை.

காலையில் விரல்கள் மடங்கக் கொஞ்சம் நேரம் ஆகிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

உங்கள்
ராஜேஸ்வரி

*

திண்ணனூர் நாடு
2.7.2024

கண்ணு ராஜேஸ்வரி,

ஒரு குத்தம் நடந்து போச்சு. உன் நூல என் வளையலுக்குள்ள விட்டுப் பாத்தேன். அளவெடுத்து வெச்சாப்புல இருந்துச்சு. மாமியாளுக்கும் மருமகளுக்கும் ஒரே கைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வந்து அதை ஆணியில மாட்டி வெச்சேன். உங்க மாமன் அதை எடுத்துட்டுப் போயி, சில்வர் ஓக்கு மரத்தோட மிளகுக் கொடியச் சேத்துக் கட்டிட்டாரு. எந்த மரம்னு கேட்டா, "மரமா இருந்துச்சு"ங்கறாரு. இந்த மனுசனோட முப்பது வருசம் ஓட்டியிருக்கேன், நீ யோசிச்சுப் பாரு.

என் அளவுலயே வாங்கிருவேன், ஆனா வளையக்காரி பாப்பாயி மாசமா இருக்கறவ கைக்குப் புது அளவு வேணும்னு அடம் புடிக்கறா. இன்னொரு நூல் அனுப்பு சாமி. அடுத்த வாரம் புதன்கெழமை சந்தைக்குப் போறேன்.

கேழ்வரகு மாவும், ஒரு பலாப்பழமும் அண்ணாமலைகிட்டக் குடுத்திருக்கேன். பழத்துக்கு டிக்கெட்டு கேட்டான். மடியில வெச்சுக்க, கொழந்தைக்கு டிக்கெட்டு இல்லேன்னேன்.

அத்தாயி

*

நாமக்கல்
6.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

இத்துடன் புது நூல் வைத்திருக்கிறேன்.

பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வந்துவிடுவேன். மலைப்பாதையின் எழுபது வளைவையும் நினைத்தால்தான் வயிற்றைப் புரட்டுகிறது. என் செருப்பு காலில் ஏறவில்லை, இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா இரட்டைக் குழந்தை என்கிறார். எல்லாருக்கும் வீங்கும்தானே அத்தை? உங்களுக்கும் வீங்கியதா?

ராஜேஸ்வரி

*

திண்ணனூர் நாடு
10.7.2024

ராஜேஸ்வரி,

இன்னிக்குச் சந்தைக்குப் போனேன். பாப்பாயி உன் நூல எடுத்து என் வளையலுக்குள்ள விட்டா. வளையல நெறச்சுக்கிட்டு ரெண்டு வெரக்கடை மிச்சம் நிக்குது. பாப்பாயி, "ஏனுங்கக்கா, மருமகளுக்கு வளையலா, மகனுக்கு வளையலா?"ன்னா. நான், "எம்மருமக மலைப் பலா தின்னு மரமா ஆயிட்டா"ன்னேன். கடையே சிரிச்சுது.

பக்கத்துல வளையல் பாத்துக்கிட்டிருந்த ஒரு பொண்ணு மட்டும் சிரிக்கல. ஸ்டெல்லான்னு பேரு, கீழ்நாட்டுப் புள்ள, இங்க ஆஸ்பத்திரியில நர்சு. "அக்கா, பழைய அளவு எடுத்து எத்தனை நாளாச்சு?"ன்னா. மூணு வாரம்னேன். "காலையில எந்திரிச்சா மூஞ்சி வீங்குதா? ஒண்ணுக்கு நொரையாப் போகுதா? வேற நோவு ஏதாச்சும் இருக்கா?"ன்னு மேல மேல கேக்கறா. மூட்டு வலி இருந்துச்சு, லூபஸுன்னு ஏதோ பேரு சொன்னாங்க, இப்ப நல்லாயிருச்சுன்னேன். அந்தப் புள்ள கையில இருந்த வளையலக் கீழ வெச்சிட்டா. "அது நல்லாகற நோவு இல்லக்கா, அடக்கி வெக்கிற நோவு. அது தலையெடுத்தா கன்னம் செவக்கும். கன்னத்துல செவப்பு வந்துச்சா?"ன்னா.

வந்துச்சுன்னேன். வெக்கம்னு ஊரையே சிரிக்க வெச்சவ நான்தானே.

அந்த நோவு சிறுநீரகத்தத் தொட்டுச்சுன்னா உனக்கும் ஆபத்து, வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்தாம். நாளைக்கே பிரஷர் பாக்கணுமாம், ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணணுமாம்.

நேராப் பாறை மேல ஏறினேன். டவர் வந்துச்சு. வேலு நம்பர அமுக்கினேன், அப்பறம் கட் பண்ணிட்டேன். நீ ஏதோ மறைக்கறன்னு தோணுது. மறைக்கறத மொதல்ல எங்கிட்டச் சொல்லட்டும்னு நிறுத்திட்டேன். இதை அண்ணாமலை காலைப் பஸ்ஸுல கொண்டாரான். டீக்கடையில வெக்காம உன் கையிலயே குடுக்கச் சொல்லியிருக்கேன். சாயந்திரம் திரும்பறப்போ பதில் வரோணும். வரலைன்னா வேலுகிட்டச் சொல்லிருவேன்.

மாத்திரை சாப்படறயா இல்லையா? அதை மட்டும் எழுது.

அத்தாயி

*

நாமக்கல்
11.7.2024

அத்தை,

கண்டக்டர் வாசலில் நிற்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

மாத்திரை சாப்பிடவில்லை. போன ஐப்பசியில் நிறுத்தினேன். டாக்டரிடம் நான் போய் எட்டு மாதம் ஆகிறது. போய்வந்ததாக இவரிடம் பொய் சொன்னேன்.

டாக்டரம்மா குழந்தை வேண்டாம் என்று சொல்லவே இல்லைங்க. ஆறு மாதம் நோய் அடங்கி இருக்கட்டும், ஒரு மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அதை மாற்றித் தருகிறேன், மற்றதைப் பிள்ளை பிறந்த பிறகும் நிறுத்தக் கூடாது, என்னிடம் சொல்லிவிட்டுச் செய் என்றார். எனக்கு ஆறு மாதம் பொறுக்க முடியவில்லை. எது ஆகும் எது ஆகாது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். உண்டானதும் போனால் திட்டுவார், கலைக்கச் சொல்லிவிடுவார் என்று பயந்து போகவே இல்லை.

ஏன் பொறுக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஐப்பசியில் உங்கள் தம்பி வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு இலை போடும்போது சொன்னீர்கள். "எங்க ஊட்டுப் பலாவுக்கு மூணு வருசமாத் தண்ணி ஊத்தறோம், எலை மட்டும்தான் விடுது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை மாத்திரையை எடுத்துப் பீரோவுக்கு மேலே வைத்தேன்.

உங்கள் மேல் பழி போட எழுதவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

முகம் வீங்குகிறது. நுரையும் போகிறது. நேற்றிலிருந்து தலைவலி. பயமாக இருக்கிறது அத்தை. இவரிடம் நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியாது.

ராஜேஸ்வரி

*

திண்ணனூர் நாடு
22.7.2024

ராஜேஸ்வரிக்கு,

நீ இதப் படிப்பயோ கிழிப்பயோ. அட்மிட் பண்ணி பத்து நாளு ஆச்சு. சேலத்துக்கு நான் வந்தது உனக்குப் பிடிக்கலைன்னு தெரியும். வார்டுக்குள்ள நுழையறப்போ எனக்கு ஒரே பயம். அது வெளிய தெரியக் கூடாதுன்னு இந்தப் பாழாப்போன வாயி, "என்ன கண்ணு, மலையேற அலுப்புப்பட்டு இங்க வந்து படுத்துக்கிட்டயா?"ன்னு கேட்டுருச்சு. பக்கத்துக் கட்டில்ல சிரிச்சாங்க. நீ செவுத்தப் பாத்துத் திரும்பிட்ட. உங்கம்மா எனக்கு ஸ்டூலு எடுத்துப் போட்டாங்க. நான் ஒக்காரல.

அந்தக் காதுகுத்துல நான் சொன்னது எனக்கு நெனப்பில்ல. மெய்யாலுமே இல்ல. நெனப்பு இல்லாதது அதை விடக் கேவலம்னு இப்பத்தான் தெரியுது. வந்து உங்க மாமனக் கேட்டேன். மிளகுக் கொடிய வெட்டிக்கிட்டிருந்தவரு திரும்பாமயே, "சொன்ன. நானும் சிரிச்சேன்"னாரு. அவ என்ன செஞ்சான்னு கேட்டேன். "அவ சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தா. திங்கல"ன்னாரு.

எனக்கு ஒருத்தரப் பாத்தா ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வெக்கோணும். சிரிச்சா அவங்க நல்லாருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். நீ எப்பவும் சிரிச்ச. அதனால நீ நல்லாருக்கன்னு இருந்துட்டேன்.

தம்பி ஊட்டுக்குப் போனேன். வளைகாப்பு எங்கன்னு கேட்டாங்க. எம்மருமக ஆஸ்பத்திரியில இருக்கறா, அவளுக்கு நோவு இருக்குது, அதத் தெரிஞ்சும் பந்தியில வெச்சுப் பேசினவ நான்னு சொன்னேன். எந்தம்பி பொஞ்சாதி, "அட வெளையாட்டுக்குச் சொன்னதுதானே நங்கையா"ன்னா. அந்த வெளையாட்டுக்கு இனி இந்த ஊட்டுல யாரும் சிரிக்க வேண்டாம்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

டாக்டரம்மா கலைக்கச் சொல்லல, ஏன் வரலைன்னுதான் திட்டினாங்கன்னு வேலு சொன்னான். மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சுன்னான். பிரஷர் மட்டும் எறங்கலையாமே. அவன் போன்ல அழுவறான். லாரிச் சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு அழுவறான்.

புள்ளையப் பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆணா பொண்ணான்னு இல்ல, எப்பன்னு இல்ல, வருமான்னுகூட இல்ல. மாத்திரை சாப்ட்டயான்னு மட்டும் கேப்பேன். அதுக்கும் எங்கிட்டப் பதில் சொல்ல வேண்டியதில்ல. உங்கம்மாகிட்டச் சொன்னாப் போதும்.

நேருல வந்தா இந்த வாயி சும்மா இருக்காது. அதனால எழுதி, வேலு கையில சேக்கச் சொல்லி அண்ணாமலைகிட்டக் குடுத்து விடறேன்.

அத்தாயி

*

திண்ணனூர் நாடு
31.7.2024

ராஜேஸ்வரி,

ஒம்பது நாளாச்சு. அண்ணாமலை பஸ்ஸ நிறுத்தாமயே கையக் கையக் காட்டிட்டுப் போறான், ஒண்ணும் இல்லேன்னு. காலையும் சாயந்திரமும் ரோட்டுல நிக்கறேன்.

பாறை மேல ஏறறதுக்கு இப்ப பயமாயிருக்குது. போன் அடிச்சாலும் பயம், அடிக்காட்டியும் பயம். ஸ்டெல்லா தெனமும் என்னக் கேக்கறா, நான் தெரியலைங்கறேன். மழை விடாமப் பெய்யுது.

எழுத வேறெதுவும் தோணல. மாத்திரை சாப்ட்டயா?

அத்தாயி

*

சேலம், வார்டிலிருந்து
4.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

கையில் ஊசி குத்தியிருந்ததால் பேனா பிடிக்க முடியவில்லை. இன்று மறு கைக்கு மாற்றினார்கள். அதனால்தான் தாமதம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. முதல் ஐந்து நாட்கள் உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படிக்காமல் இருந்தேன்.

பிறகு படித்தேன். இரண்டு கடிதத்திலும் ஒரு சிரிப்புகூட இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. இது மருமகளிடமிருந்து மாமியாருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயா என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் இல்லை என்றார். அப்படியானால் உங்களுக்கு வேறு ஏதோ இருக்கிறது அத்தை, நல்ல டாக்டராகப் பாருங்கள்.

வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நுரை குறையவில்லை. பிரஷர் ஒரு நாள் இறங்குகிறது, மறு நாள் ஏறுகிறது. முப்பது வாரம் ஆகிறது. முப்பத்தி நாலைத் தாண்டினால் நல்லது, தாண்டாவிட்டாலும் எடுத்துக் காப்பாற்றப் பார்ப்போம் என்கிறார் டாக்டரம்மா. பார்ப்போம் என்கிறார், காப்பாற்றுவோம் என்று சொல்லவில்லை. குழந்தையின் நுரையீரல் பலப்படப் புதன்கிழமை எனக்கு ஊசி போடப் போகிறார்கள். அசைவு இருக்கிறது. உங்கள் பெயர் சொல்லிக் கடிதம் வாசித்தபோது உதைத்தது. யாரை உதைத்தது என்று தெரியவில்லை.

அந்தப் பந்தியை நான் மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மறக்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போய் நீங்கள் சொன்னதையும் மறக்க மாட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஊசி என்றால் அம்மா எனக்கு முன்னால் அழுதுவிடுகிறார். இவர் வெளியே போய்விடுகிறார். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயந்திரப் பஸ்ஸில் வாங்க. ஸ்டூலில் உட்காருங்க. ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே இருங்க. பிரஷர் பார்க்கிற நேரத்தில் மட்டும் பேசாம இருங்க, போதும்.

மாத்திரை சாப்பிட்டேன். உங்களிடம்தான் சொல்கிறேன்.

ராஜேஸ்வரி