அட்டமியில் போன கிற்றார்

14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொக்குவில் ஸ்ரேசனடியில் சைக்கிள் காற்றுப் போய், உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு உடுப்பிட்டியில் அந்த கிற்றாரைப் பார்த்ததிலிருந்து வேறு நினைவில்லை. எங்கள் இசைக்குழுவில் கூட வாசிக்கிற டானியல்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனான். கிற்றாரின் தலையில் கொம்பனிப் பெயர் கிடையாது. கழுத்து, விற்பவரின் அண்ணை லண்டனிலிருந்து கொண்டுவந்தது. கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் கனடாச் சித்தியின் சூட்கேசில் வந்தது. உடம்பு கொழும்பில் வாங்கியது. திருவிழாவுக்கு வருகிற உறவுக்காரரிடம் துண்டு துண்டாகச் சொல்லி எடுப்பித்து, தானே பூட்டியிருக்கிறார். இப்போது பிரான்சுக்குப் போகிறாராம். வாசித்துப் பார்த்தேன். விரல் தானாக ஓடியது.

காசோடு புறப்பட, அம்மா கலண்டரைப் பார்த்தார்.

"இண்டைக்கு அட்டமி. நாளைக்கு நவமி. வியாழன் போ தம்பி."

"அவர் வேறை ஆருக்கும் குடுத்திட்டா?"

"ரெண்டு நாளிலை ஆர் வந்து அள்ளப் போறாங்கள்?"

சரி. விற்பவருக்குப் போன் பண்ணி வியாழன் என்றேன். டானியலுக்கும் சொன்னேன், அட்டமிக் கதையையும் சேர்த்து. நல்லாய்ச் சிரித்தான்.

15, புதன்

நவமி. மழை. கிற்றாருக்கு உறை தைக்க அம்மாவின் பழைய போர்வையை அளந்து வைத்தேன். மாதக் கடைசியில் கலியாண வீட்டு நிகழ்ச்சி. அந்தக் கிற்றாரோடுதான் மேடை ஏறுவேன்.

16, வியாழன்

வெயில். டானியல் போன் எடுக்கவில்லை. பஸ்ஸில் உடுப்பிட்டி.

"உங்கடை சிநேகிதன் செவ்வாய் பின்னேரமே வந்து காசைத் தந்து எடுத்துக்கொண்டு போட்டாரே. உங்களுக்கெண்டுதான் குடுத்தனான்."

அவனுக்கு அட்டமியும் இல்லை நவமியும் இல்லை, சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். கிற்றாரில் அவனுக்குப் பிடிக்கத் தெரிந்தது மூன்று கோர்ட். மூன்றாவதும் சந்தேகம். திரும்பி வரும்போது பக்கத்துச் சீற்றில் ஒரு அம்மா: "ஏன் தம்பி, சுகமில்லையோ?"

17, வெள்ளி

அம்மாவோடு கதைக்கவில்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். சாப்பிட்டேன், கோபத்தோடேயே.

டானியல் முகநூலில் படம் போட்டிருக்கிறான். சேர்ச் படியில், கிற்றாரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. கீழே எல்லாரும் நெருப்புக் குறி. நானும் ஒன்று போட்டேன்.

18, சனி

வீட்டுப் படலையில் டானியல். கிற்றார் தோளில்.

"மச்சான், கோவமோ? நீ அட்டமி எண்டு சொன்னனியெல்லோ. விட்டிட்டாய் எண்டு நினைச்சன்."

"அட்டமி எண்டனான். வேண்டாமெண்டனானோ?"

கிற்றாரை இறக்கி நீட்டினான். "ஒரே இரையுதடா. ஒருக்காப் பாப்பியே? நாளைக்கு ஆராதனை முடிய வந்து எடுக்கிறன்."

என்ன முகத்தோடு கேட்கிறான்! வாங்கிக்கொண்டேன். கிற்றார் மேல் ஆசை, வேறென்ன.

பின் மூடியைக் கழற்றினேன். எர்த் வயர் விட்டுப்போயிருந்தது. ஒரு பொட்டு ஈயம் உருக்கி ஒட்ட, முடிந்தது வேலை. இரைச்சல் இல்லை.

வயரைத் திரும்பக் கழற்றிவிட்டால்? "இது சரிவராது, வித்துப்போடு" என்றால் நம்புவான். நானே வாங்கிவிடலாம். கை வயர்வரைக்கும் போனது. மூடியைப் பூட்டினேன். நல்லவன் என்பதால் இல்லை. அந்தச் சத்தத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

பொழுதுபடும்வரை வாசித்தேன். குசினியிலிருந்து அம்மா: "உது ஆரின்ரை?"

"டானியலின்ரை. நீங்கள் அட்டமி பாத்தது."

தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. பிறகு தேத்தண்ணி வந்தது, கேட்காமலே.

19, ஞாயிறு

வெயில். டானியல் வெள்ளைச் சேட்டோடு நேரே வந்தான். வாசித்துக் காட்டினேன். வாயைப் பிளந்தான்.

"தா மச்சான், கொண்டுபோறன்."

"இண்டைக்குக் குடுக்கேலாது. நாள் சரியில்லை."

எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

"எனக்கு உதெல்லாம் இல்லையடா."

"எங்களுக்கு இருக்கு. வீட்டிலையிருந்து சாமான் வெளியிலை போகக் கூடாது."

அவன், திண்ணையில் இருந்த என் அம்மாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நாள், நட்சத்திர விசயத்தில் அம்மா விளையாட்டுக்கும் பொய் சொல்லமாட்டார். எழும்பிக் கலண்டரடியில் போய் நின்றார். நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நல்ல நாள். சித்தயோகம் என்று கொட்டை எழுத்தில் கிடக்கிறது.

கன நேரம் பார்த்தார்.

"ஓம் தம்பி. இந்தக் கிழமை முழுக்கச் சரியில்லை."