வடகிழக்கு வாசல்

பார்சிப்பனி,
ஜனவரி 11

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

எழிலரசி எழுதுவது. நானும் வெண்பாவும் நலம். ஃபோனில் நான் பேச ஆரம்பித்தாலே அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். அக்டோபரில் நீங்கள் ஊருக்குக் கிளம்பியபோதே எழுதியிருக்க வேண்டியது.

நாங்கள் அந்த வீட்டில் இல்லை. பத்து நாளாக வாடகை அபார்ட்மென்டில் இருக்கிறோம். உங்கள் மகன் சபரி மட்டும் அங்கேயே கிடக்கிறார்.

அது அறுநூறு வருஷத்துப் பண்ணை வீடு, யாரோ ஒருவர் இங்கிலாந்தில் கழற்றி, கட்டைக்குக் கட்டை நம்பர் போட்டுக் கப்பலில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது என்று நீங்கள் வந்த அன்றே சொன்னோம். சுவர் வெறும் குச்சியும் மண்ணும். பாரம் முழுக்க ஓக் மரச் சட்டத்தில். ஆணியே கிடையாது, துளையில் செருகி மர முளை அடித்திருக்கிறார்கள். வடகிழக்கு மூலையில் சாய்வாக நிற்கும் கட்டைதான் தூணைச் சாயாமல் பிடிக்கிறது என்றும் சொன்னேன். "அம்மணி, காலேஜு படிச்சிருக்கே, செரி. வாஸ்து படிச்சியா? ஈசானியத்துல வாசல் இல்லாம கோணக்கட்டை நின்னா ஊட்டுல ஆம்பளப் புள்ள எப்படிப் பொறக்கும்?" என்று கேட்டீர்கள். நான்கு வயது வெண்பா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், மாமா. "தாத்தா டஸின்ட் லைக் மீ?" என்று அப்புறம் என்னிடம் கேட்டாள்.

சபரி தலையாட்டினார். ஆள் வந்து கட்டையை அறுத்தான். புது வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். கற்பூரத் தட்டைப் பிடித்தது நான். அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

அந்த வாசலுக்கு மேலே மாடி அறை கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அங்கேதான் வெண்பாவின் கட்டில். டிசம்பர் காற்றில் அந்த மூலைத் தூண் இரண்டு அங்குலம் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடி வெடித்து அவள் போர்வையில் விழுந்தது. பார்க்க வந்த இன்ஜினியர், புதுக் கட்டை பொருத்தி வாசலை அடைக்கும்வரை யாரும் மாடியில் தூங்கக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். சபரியோ, "பூஜை போட்டுத் தொறந்த வாசல், எழில். அடைச்சா அப்பா மனசு ஒடஞ்சிரும்" என்கிறார். மகள் மண்டை உடைந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் உங்களைக் கூப்பிடுவாரே, இந்தக் கடிதம் கிடைத்த பிறகு கூப்பிடும்போது "அடைச்சிருடா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், என்னிடம் மன்னிப்பும் வேண்டாம். சொல்லாவிட்டால் இந்த அபார்ட்மென்டை ஒரு வருஷத்துக்கு எடுப்பேன், என் பெயரில் மட்டும்.

சபரியிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வாசலை அடைத்த பிறகுதான் சொல்வேன். என்னவென்று நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். அந்தப் பெருமையைத் தயவுசெய்து வாசலுக்குக் கொடுக்காதீர்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் உங்கள் ஆசியைக் கேட்பேன். இந்த முறை அதை வெண்பாவுக்குக் கொடுங்கள். ஃபோனில், பேர் சொல்லி, அவள் காதில் விழும்படி.

அத்தைக்கு என் வணக்கம்.

எழிலரசி